துட்டி (இறப்பு) வீட்டுக் கேள்விகள்: மண்ணை மண்ணாக விடும் அடக்கம்

மக்காத எதையும் குழிக்குள் போடாமல் அடக்கம் செய்வது பற்றிச் சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

*அப்பாவுக்கு 82 வயது. "பெட்டி கிட்டி ஒண்ணும் வேண்டாம், பாயில சுத்தி வச்சிருங்க" என்கிறார். எங்கள் வகையில் அடக்கம்தான் வழக்கம். எந்தப் பாய் வாங்குவது? பாயில் வைத்துத் தூக்க முடியுமா?*
வாசகி, சேரன்மகாதேவி

பத்தமடை உங்களுக்கு அடுத்த ஊர். பாய்க்கு அலைய வேண்டியதில்லை. கோரை எப்படியும் மக்கிவிடும். பார்க்க வேண்டியது கோரையைக் கோத்துப் பிடிக்கும் பாவு நூலைத்தான். கடையில் தொங்குகிற பாய்களில் நைலான் பாவு ஓடியவையும் கலந்திருக்கும். ஓரத்தில் ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தியோ நாரோ என்றால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிரும். நைலான் என்றால் உருகி, முனையில் கடுகு மாதிரி உருண்டு கெட்டிப்படும். பாயின் ஓரம் அடித்திருக்கும் துணியையும் இப்படியே சோதியுங்கள். கல்யாணத்துக்கு வாங்கும் நயமான பாய் இதற்கு வேண்டாம், முரட்டுப் பாய்தான் தாங்கும்.

படுக்கைப் பாய் பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி. ஒரு பாய் போதாது. இரண்டு பாயைக் குறுக்குவாட்டில் விரித்து, நடுவில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டால் ஏழடி நீளம் கிடைக்கும், சுற்றி மூட ஆறடி அகலமும் கிடைக்கும். பாய்க்கு உள்ளே சலவை செய்யாத காடாத் துணி ஐந்து அல்லது ஆறு மீட்டர். கட்டுவதற்குத் தேங்காய் நார்க்கயிறு.

பாயை மட்டும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்யும். அடியில் மூங்கில் படல் வேண்டும். எட்டரையடி மூங்கில் இரண்டு, அவற்றின் குறுக்கே இரண்டடிக் கம்பு ஏழெட்டு, எல்லாம் நார்க்கயிற்றுக் கட்டு. படலோடு சேர்த்தே இறக்கிவிடலாம். பெரும்பாலும் கோளாறு வருவது இங்கேதான்: குழி ஏழரையடி, மூங்கில் எட்டரையடி. குழிக்கரையில் வந்து நின்றுகொண்டு கட்டை அவிழ்ப்பார்கள், இழுப்பார்கள், பாய் சரியும். இறக்குவதற்கு முன்பே தோள் கொடுத்த முனைகள் இரண்டையும் அரிவாளால் தறித்து மூங்கிலை ஏழடியாக்கிவிடுங்கள். இந்த வேலைக்கென்று ஒருவரிடம் அரிவாளைக் கொடுத்து முதலிலேயே சொல்லி வையுங்கள்.

இறக்க மூன்று கயிறு, ஒவ்வொன்றும் பதினாறடி. தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. ஆறு பேர் பிடிக்க வேண்டும். புது நைலான் கயிறு வியர்த்த கையில் வழுக்கும், உள்ளங்கையையும் அறுக்கும். தடித்த பருத்திக் கயிறு நல்லது. அது இல்லாவிட்டால் முறுக்கிய பருத்தி வேட்டி போதும், அதைக் குழியிலேயே விட்டாலும் பாதகமில்லை.

கோடித் துணியையும் யோசித்து வையுங்கள். சம்பந்தி வகை, மாமன் வகை, கொண்டான் கொடுத்தான் வகை என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போர்த்தும் சேலை வேட்டிகளில் இன்று முக்கால்வாசி பாலியஸ்டர். போர்த்த வேண்டாம் என்று சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும். போர்த்தட்டும். குழிக்கரையில் காடாத் துணி வரைக்கும் எடுத்துவிட்டு, உழைத்தவர்களுக்குக் கொடுத்துவிடலாம். "கோடி போடுறவங்க பருத்தியா எடுத்திருங்க" என்று நெருங்கிய இரண்டு வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது இன்னும் நல்லது.

*எங்கள் ஊர் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறுகிறது. ஆறடி வெட்டியே ஆக வேண்டுமா?*
வாசகர், சங்கரன்கோவில்

வேண்டாம். ஆறடி என்பது சொல்வழக்கு. உடலை மண்ணாக்கும் நுண்ணுயிர்களும் புழுக்களும் காற்றும் மேல் மண்ணில்தான் இருக்கின்றன. ஆழம் போகப் போகக் காற்று குறையும். நாலரையடிக் குழி போதும். உடலும் படலுமாக ஒன்றேகால் அடி போனாலும் மேலே மூன்றடிக்குக் குறையாமல் மண் நிற்கும். நாயும் நரியும் தோண்டாமல் இருக்கவும் வாடை வராமல் இருக்கவும் அந்த மூன்றடி வேண்டும். அதில் குறைக்காதீர்கள்.

தண்ணீர் ஊறுவதுதான் பெரிய சிக்கல். காற்றுப் புகாத ஈரத்தில் உடலிலுள்ள கொழுப்பு சோப்புக் கட்டி மாதிரி வெளுத்துக் கெட்டிப்பட்டுவிடும். அப்படி ஆகிவிட்டால் பல ஆண்டுகள் மக்காது. போதாததற்கு அந்த நீர் பக்கத்துக் கிணற்றுக்கும் நகரும். குழியின் அடியிலிருந்து நிலத்தடி நீர் மூன்றடியாவது கீழே இருக்க வேண்டும். இதைத் துட்டி நடந்த அன்று போய்ப் பார்த்துப் பயனில்லை. கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரம் இடுகாட்டின் மூன்று நான்கு மூலைகளில் ஏழரையடிக்கு மண்துளைக் கருவி இறக்கிப் பாருங்கள். மறுநாள் காலை வரை எந்தத் துளை காய்ந்து கிடக்கிறதோ, அந்த மூலை மழைக்காலத்துக்கு. மற்ற மூலைகளை வெயில் காலத்துக்கு ஒதுக்கலாம். எல்லாத் துளையிலும் நீர் நின்றால், இருப்பதில் மேடான இடத்தில் மூன்றடி மட்டும் வெட்டி, மண்ணை மேலே இரண்டடிக்குக் கரையாக ஏற்றுங்கள். இதற்கு அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு வண்டி மண் கூடுதலாகத் தேவைப்படும்.

வெட்டும்போது மேல் ஓரடி மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் குவியுங்கள். உடலைச் சுற்றி வைக்கோலும் காய்ந்த இலையும் ஒரு சாணுக்குப் பரப்பி, முதலில் மேல்மண்ணைத் தள்ளுங்கள். உயிருள்ள மண் அதுதான். ஈரக் கரிசல் பாளம் பாளமாக விழும். உடைக்காமல் தள்ளினால் நடுவில் பொந்து விழுந்து, அடுத்த மழைக்கு மேடு உள்வாங்கும். மண்வெட்டியின் பின்பக்கத்தால் உடைத்து உடைத்துப் போடச் சொல்லுங்கள்.

ஏழரையடி நீளம், இரண்டேமுக்கால் அடி அகலம், நாலரையடி ஆழம் என்றால் சுமார் 93 கன அடி மண். வெட்டிக் குவித்ததும் இளகிக் கால் பங்கு வரை பெருகும். மிஞ்சியது என்று வண்டியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். முழுவதையும் மேட்டிலேயே ஏற்றிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் தானாக அமர்ந்துவிடும். சித்திரையில் கரிசல் வெடிப்பு விடும்போது மேட்டின் மேல் அரையடிக்குச் செம்மண்ணோ சரளோ பரப்புங்கள். முதல் மூன்று மாதம் உடைமுள் வெட்டிப் போட்டுக் கல் ஏற்றினால் நாய் கிட்டே வராது.

சீக்கிரம் மக்கும் என்று நினைத்துச் சுண்ணாம்பு கொட்டுகிறார்கள். நடப்பது நேர்மாறானது: சுண்ணாம்பு நுண்ணுயிர்களை முடக்கி, மக்குவதைத் தாமதப்படுத்தும். உப்பும் அப்படித்தான். சமாதிக்குழியில் துறவிகளை உட்காரவைத்து உப்பும் திருநீறும் கொட்டுவது உடல் நிற்க வேண்டும் என்பதற்காக. நமக்கு வேண்டியது வேறு.

*தேரிக்காட்டு மணலில் குழி சரிந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?*
வாசகர், திசையன்விளை

நேர்ச் சுவராக வெட்டாதீர்கள். மேலே ஐந்தடி அகலத்தில் தொடங்கி, இரண்டடி இறங்கியதும் பக்கத்துக்கு ஓரடி படி விட்டு, அதன்கீழ் மூன்றடி அகலத்தில் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் நாலைந்து குடம் தண்ணீர் தெளித்தால் மணல் பிடிமானம் பெறும். கரையில் இரண்டு பக்கமும் பனஞ்சட்டம் போட்டு அதன்மேல்தான் ஆட்கள் நிற்க வேண்டும். கூட்டம் ஓரத்தில் நெருக்கியடித்து எட்டிப் பார்க்கும்போதுதான் சரிவு விழும். தேரியில் நாலரையடியை ஐந்தாக்குங்கள், மேல்மணலை மேல்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

*என் தென்னந்தோப்பிலேயே என்னை அடக்கம் செய்ய வேண்டும், மேலே ஒரு மரம் நட வேண்டும். இப்போதே எழுதி வைக்கலாமா?*
வாசகர், வள்ளியூர்

சொந்தப் பட்டா நிலம் என்பதற்காக நினைத்த இடத்தில் புதைக்க முடியாது. தமிழ்நாடு கிராம ஊராட்சிகள் (இடுகாடு, சுடுகாடு ஏற்படுத்துதல்) விதிகள், 1999-ன்படி இடுகாடாகப் பதிவான அல்லது உரிமம் பெற்ற இடத்தில்தான் அடக்கம் செய்யலாம். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதிய இடத்துக்கு உரிமம் கிடையாது. 90 மீட்டர் என்றால் சாதாரணமாகத் தோன்றும். சுற்றிலும் அளந்தால் அது ஏறக்குறைய ஆறேகால் ஏக்கர். அந்த வட்டத்துக்குள் வீடோ குடிநீர்க் கிணறோ ஆழ்துளைக் குழாயோ இல்லாத தோப்பு நம் பக்கம் எத்தனை இருக்கும்? அனுமதியில்லாமல் செய்துவிட்டால் பின்னால் யாராவது வழக்குப் போட்டு, உடலைத் தோண்டி எடுத்து மாற்றும் நிலைகூட வரலாம். பிள்ளைகள் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

மரம்தான் ஆசை என்றால், ஊர் இடுகாட்டில் நட ஊராட்சியிடம் எழுதிக் கேளுங்கள். வேம்பு, புங்கு, பூவரசு மூன்றும் நம் மண்ணுக்குத் தாங்கும். மேடு அமர்வதற்கு முன் நட்டால் கன்று சாயும். ஒரு மழைக்காலம் போகட்டும். அடுத்த புரட்டாசிக் கடைசியில், மேட்டின்மேல் வைக்காமல் கால்மாட்டிலிருந்து மூன்றடி தள்ளி நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பாருங்கள். ஆள் இல்லையென்றால் நடாமல் இருப்பதே மேல்.

*நாங்கள் பெட்டியில்தான் வைக்கிறோம். சேகரத்தில் (எங்கள் திருச்சபை வட்டாரத்தில்) அதை மாற்ற முடியாது. பெட்டியையாவது இயற்கைக்கு ஒத்ததாகச் செய்யலாமா? சிமெண்டுக் கல்லறை தவறா?*
வாசகி, பாளையங்கோட்டை

பெட்டி இருக்கட்டும், அது எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிகளில் பிளைவுட், பசை, சன்மைக்கா, உள்ளே ஃபோம், சாட்டின், வெளியே முலாம் பூசிய பிளாஸ்டிக் கைப்பிடி. மரம் என்று சொல்ல அதில் மிஞ்சுவது குறைவு. ஆசாரியிடம் சொல்லி முக்கால் அங்குல மாம்பலகையிலோ வேப்பம்பலகையிலோ செய்யச் சொல்லுங்கள். உள்ளளவு ஆறேகால் அடி நீளம், தோளில் 22 அங்குலம், ஆழம் 15 அங்குலம் என்றால் பெரும்பாலோருக்குப் போதும். இரும்பு ஆணி இருக்கலாம், துருப்பிடித்து மண்ணோடு போய்விடும். வார்னிஷ் வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவினால் பார்வைக்குப் போதும். கைப்பிடிக்கு நார்க்கயிறு, அதைப் பக்கப்பலகையில் துளையிட்டு உள்ளே முடிச்சுப் போட்டால் பாரம் தாங்கும். அடிப்பலகைக்கு மூன்று குறுக்குச் சட்டம் கட்டாயம். அது இல்லாமல் தூக்கும்போது அடி கழன்ற சங்கடம் உண்டு.

உள்ளே ரெக்சின் விரிப்பது கசிவுக்குப் பயந்து. அதற்குப் பதில் அடியில் இரண்டு அங்குலத்துக்கு மரத்தூளோ உமியோ பரப்பி, மேலே பருத்தி விரிப்பு. ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். தலைக்கு இலவம்பஞ்சுத் தலையணை.

கல்லறையில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. தரைக்கு மேலே பெயர் பொறித்த ஒரு கல் நடுவதால் மண்ணுக்கு ஒன்றும் இல்லை. தரைக்குக் கீழே நாலு பக்கமும் செங்கல் கட்டி, அடியிலும் சிமெண்டுத் தளம் போட்டு, மேலே சிலாப் மூடுகிறார்களே, அதுதான் கேடு. மழைநீர் எப்படியும் உள்ளே இறங்கும், வெளியேற வழியிருக்காது. தொட்டியில் ஊறிய உடல் மக்காது. குடும்பக் கல்லறையை அடுத்தவருக்காகத் திறக்கும்போது அந்த உண்மை தெரியும். சுவர் கட்டியே ஆக வேண்டுமென்றால் அடியை மண்ணாக விடுங்கள், பெட்டியைச் சுற்றி மண் நிரப்பச் சொல்லுங்கள். ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டை உருவாவதற்குள் ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எத்தனை மூட்டை என்று கொத்தனாரைக் கேட்டால் கணக்குத் தெரிந்துவிடும். கல்லறைத் தோட்டத்துக்கென்று சேகரத்தில் தனி ஒழுங்கு இருக்கலாம். சேகரகுருவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

*எங்களில் பெட்டி இல்லை, உடலைச் சுற்றும் கபன் துணிதான். இதில் மாற்ற ஏதாவது இருக்கிறதா?*
வாசகர், மேலப்பாளையம்

அதிகம் இல்லை. கபன் துணி முழுப் பருத்திதானா என்று மேலே சொன்ன தீக்குச்சிச் சோதனை செய்யுங்கள், வெள்ளையாக இருப்பதெல்லாம் பருத்தி இல்லை. கபரின் (அடக்கக் குழியின்) மேல் அடுக்கும் பலகைக்கு பிளைவுட் துண்டோ சிமெண்டுச் சிலாப்போ வாங்காமல் பனம்பலகை கேளுங்கள். பலகை இடுக்கில் மண் விழாமல் இருக்க பிளாஸ்டிக் தாள் விரிக்கும் பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. ஓலைப்பாய் அந்த வேலையைச் செய்யும்.

*அஸ்தியைப் பாபநாசத்தில் கரைக்கிறோம். ஆற்றைக் கெடுக்காமல் செய்வது எப்படி? அஸ்தியில் மரம் நடலாம் என்கிறார்களே?*
வாசகி, அம்பாசமுத்திரம்

கைப்பிடி எலும்பும் சாம்பலும் தாமிரபரணியைக் கெடுத்துவிடாது. கெடுப்பது கூடப் போவதெல்லாம்: அவிழ்த்துப் போடும் வேட்டி சேலை, பிளாஸ்டிக் பை, ஜிகினா நூல் மாலை. பாலியஸ்டர் சேலை பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து, குளிக்க இறங்குகிறவர் காலைச் சுற்றும். பல மாவட்டங்கள் குடிக்கிற தண்ணீர் அது. காடாத்து (சாம்பல் அள்ளும் சடங்கு) அன்று எலும்பை மண் கலயத்தில் எடுங்கள், வாய்க்குப் பருத்தித் துணி கட்டுங்கள். ஆற்றில் உள்ளிருப்பதை மட்டும் கரைத்துவிட்டுக் கலயத்தைக் கரையில் உடைத்து மண்ணில் சேருங்கள். ஈரத் துணியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்ற எண்ணம் இருந்தால், பழைய பருத்தித் துண்டு ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு இறங்கலாம்.

மர விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அஸ்திச் சட்டியில் விதை வைத்து விற்கிறார்கள். அஸ்தி உரம் இல்லை. எரிந்த எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். தழைச்சத்து முழுக்க எரிந்துபோயிருக்கும், காரத்தன்மையும் உப்பும் கடுமையாக இருக்கும். அதில் நேரடியாக வேர் பட்டால் கன்று கருகும். கன்று பட்டுப்போனால் வீட்டில் சகுனம் பேசுவார்கள், வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் அதற்காகவாவது முறையாகச் செய்யுங்கள்.

எரிவாயு மயானத்தில் கிடைக்கும் அஸ்தி இரண்டிலிருந்து மூன்று கிலோ. அதில் கால் கிலோ மட்டும் எடுத்து வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, மறுபடி ஒரு முறை அப்படியே செய்யுங்கள். உப்பில் பெரும்பகுதி கழுவிப் போகும். மூன்றடிச் சதுரத்தில் மூன்றடி ஆழக் குழி எடுத்து, அஸ்தியை இருபது கிலோ மக்கிய தொழுவுரத்தோடும் எடுத்த மண்ணோடும் புரட்டி அடிப்பாதியில் போடுங்கள். மேல்பாதிக்கு வெறும் மண்ணும் தொழுவுரமும். கன்றின் வேர் அந்த மேல்பாதியில்தான் இருக்க வேண்டும். மிச்சத்தை ஆற்றிலோ, வளர்ந்த மரங்களின் அடியில் பரவலாகத் தூவியோ கரைத்துவிடலாம்.

*விறகா, எரிவாயுவா?*
வாசகர், தென்காசி

விறகில் ஒரு உடலுக்கு 300 கிலோவுக்குக் குறையாமல் போகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். எரிவாயு மயானம் பக்கத்தில் இருந்தால் அதுவே மேல். இல்லாத ஊரில் வறட்டியும் காய்ந்த கட்டையும் போதும். விறகு ஈரமாக இருக்கிறது என்று டயர் போடுவதுதான் மன்னிக்க முடியாதது. எதுவானாலும் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் எரிப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும், வெப்பத்தில் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையிலிருந்து உடலை வாங்கும்போதே கேளுங்கள்.

*மகன் வளைகுடாவிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். உடலுக்கு மருந்து ஏற்றச் சொல்கிறார்கள்.*
வாசகர், கடையநல்லூர்

இரண்டு நாளுக்கு மருந்து தேவையில்லை, குளிர்பெட்டி போதும். ஏற்றுவது ஃபார்மலின். நுண்ணுயிரைக் கொன்று உடலை நிறுத்துவதுதான் அதன் வேலை, ஆகவே மண்ணிலும் மக்க விடாது. விமானத்தில் உடலை அனுப்பும்போதுதான் அது கட்டாயமாகிறது. வெயில் காலத்தில் நாலு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரிக்காமல் தடித்த பருத்தி விரிப்புப் போடுங்கள், குளிரில் வியர்க்கும் நீரை அது வாங்கிக்கொள்ளும். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டாதீர்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யார் கொண்டுவருவார் என்று பெட்டிக்காரரிடம் வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

*உடலை உரமாக்குகிறார்களாமே வெளிநாட்டில்?*
வாசகர், கோவில்பட்டி

ஆம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-ல் அதற்குச் சட்டம் இயற்றியது. காரக் கரைசலில் உடலைக் கரைக்கும் முறையும் உண்டு, தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் உடல் அப்படித்தான் கரைக்கப்பட்டது. இரண்டுக்கும் இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். ஆதிச்சநல்லூரில் தாழியில் வைத்துப் புதைத்த ஆற்றங்கரையில் இருக்கும் நமக்குப் பாயும் மண்வெட்டியும் போதும்.

*இதையெல்லாம் எழுதி வைத்தால் செல்லுமா? யாரிடம் கொடுப்பது?*
வாசகி, நாங்குநேரி

உயிலில் எழுதாதீர்கள். உயிலைப் பிரிப்பதே பதினாறாம் நாள் விசேஷம் கழிந்துதான். அப்படியே முன்னால் பிரித்தாலும் அடக்கம் பற்றிய விருப்பத்தைச் சட்டத்தைக் காட்டி நிறைவேற்ற வைப்பது கடினம். ஒரே ஒரு தாள் போதும். பொறுப்பெடுக்கும் ஒருவர் பெயர், அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் பெயர். இடம், குழி ஆழம், பாயா பெட்டியா, குளிர்பெட்டி எத்தனை நாள் வரை. அதன்கீழ் வேண்டாதவை: வெடி, தெர்மாகோல் தேர், கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் (அது பி.வி.சி., மக்காது, காகிதச் சுவரொட்டி ஒட்டலாம்). மூன்று படி எடுத்து ஒன்றைப் பொறுப்பாளரிடமும், ஒன்றை ஊரில் யார் பேச்சு எடுபடுமோ அந்த மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கொடுங்கள். துட்டி வீட்டில் பிள்ளைகள் பேச்சு எடுபடாது, அன்றைக்கு அவர்கள் அழுகிறவர்கள். பாய், காடாத் துணி, மூன்று கயிறு மூன்றையும் வாங்கி, வேப்பிலை போட்டுப் பரணில் வைத்துவிட்டால் கடைசி நேரத்தில் கிடைத்ததை வாங்கும் அவசரம் இருக்காது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் நடந்த இறப்பு என்றால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அதையும் தாளின் கடைசியில் எழுதிவிடுங்கள்.

*உடல் தானம் செய்ய நினைக்கிறேன், கண்ணையும். அப்போது அடக்கமே இல்லையா?*
வாசகர், திருநெல்வேலி நகரம்

உடல் தானத்துக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு இயல் துறையை அணுகலாம். உடலை ஏற்றுக்கொண்டால் வீட்டில் அடக்கம் இல்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை ஆன உடலையோ தொற்றுநோயில் இறந்தவர் உடலையோ பொதுவாக ஏற்கமாட்டார்கள். எனவே மேலே சொன்ன தாளில் "தானம் நடக்காவிட்டால்" என்று ஒரு வரி போட்டு அடக்க முறையையும் எழுதி வையுங்கள். கண் தானம் மட்டும் என்றால் அடக்கம் தடைபடாது. எடுப்பதற்கு அரை மணி நேரம் போதும், ஆனால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்துங்கள். முக்கியமாக மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும்.